கட்டிய காசுக்காக ஓடும் கால்கள்: வேலூர் ஓட்டப் போட்டி அமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை பக்கம் ஓட்டப் போட்டி நடத்தும் அமைப்பாளர்களுக்கு,

வணக்கம்.

உங்கள் பதிவுப் படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் மூன்று வரிகள் இருக்கும். கட்டிய பணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது. பெயர் மாற்றம் கிடையாது. தூர மாற்றம் கிடையாது. கல்லூரி நடத்தினாலும் சரி, சங்கம் நடத்தினாலும் சரி, வார்த்தை மாறாமல் அதே மூன்று வரி. ஒருவர் படிவத்தைப் பார்த்து இன்னொருவர் எழுதிக்கொண்டார்கள் என்றுதான் தோன்றுகிறது. அந்த மூன்று வரிகளை மாற்றுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

நான் வேலூர் சத்துவாச்சாரிக்காரன். வங்கி வேலை, நாற்பத்தைந்தைத் தாண்டிய வயது, பரிசு வாங்குகிற வேகமெல்லாம் கிடையாது. விடிவதற்கு முன் சர்வீஸ் ரோட்டிலும், ஞாயிற்றுக்கிழமைகளில் கோட்டைப் பக்கமும் ஓடுகிற ஒரு சின்னக் குழுவில் இருக்கிறேன். லேப் டெக்னீஷியன், பள்ளி ஆசிரியர், லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருப்பவர், நர்ஸ், ரிட்டயர்டு ஏட்டு என்று எல்லாரும் உண்டு. உங்கள் மேடையில் ஏறிப் பரிசு வாங்கும் நாலைந்து பேரைக் கழித்துவிட்டுப் பாருங்கள். மிச்சமிருக்கும் கூட்டம் நாங்கள்தான். பந்தலும் பதக்கமும் எங்கள் கட்டணத்தில்தான் வருகின்றன. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

ஆடி மாதமே உங்கள் விளம்பரம் வந்துவிடும். முன்கூட்டிப் பதிந்தால் 200 ரூபாய் சலுகை என்பீர்கள். போட்டி மார்கழியிலோ தையிலோ இருக்கும். எங்கள் ஊர் வெயிலுக்கு அதுதான் சரியான காலம், அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் பணம் கட்டுகிற நாளுக்கும் ஓடுகிற நாளுக்கும் நடுவில் ஐந்து மாதம் கிடக்கிறது. 21 கிலோமீட்டருக்கான பயிற்சி மொத்தமும் அந்த ஐந்து மாதத்தில்தான் நடக்கிறது. காலைக் கெடுத்துக்கொள்வதும் அந்தப் பயிற்சியில்தான்.

எங்களைப் போன்றவர்களுக்கு வரும் காயங்களில் பெரும்பாலானவை விழுந்து அடிபட்டு வருவதில்லை, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து வருபவை. புதிதாக ஓட ஆரம்பித்தவருக்கு ஒன்றிரண்டு மாதத்தில் மூச்சிரைப்பு குறைந்துவிடும். எலும்புக்கும் தசைநாணுக்கும் அந்த அவசரம் கிடையாது. புதுப் பாரம் விழுந்தால் எலும்பு முதலில் தன்னிடமிருக்கும் பழையதைக் கரைத்துவிட்டு, அப்புறம்தான் புதிதாகக் கட்டும். கரைத்தது கட்டி முடிகிறவரைக்கும் சில வாரங்கள் அது முன்னைவிடச் சோனியாகத்தான் இருக்கும். 'மூச்சு நல்லா வருதே' என்று ஆள் தூரத்தைக் கூட்டுவது பெரும்பாலும் அந்த வாரங்களில்தான். முன்னங்கால் எலும்பில் வலி, குதிகாலில் வலி, முட்டிச் சில்லைச் சுற்றி வலி, குதிகாலுக்கு மேலே தடித்த நாணில் வலி: எங்கள் குழுவில் இந்த நான்கில் ஒன்றையாவது பார்க்காதவர் இல்லை.

போன சீசனில் நடந்ததைச் சொல்கிறேன். ராணிப்பேட்டை பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவு சூப்பர்வைசராக இருக்கும் ஒரு பெண் எங்களோடு ஓடுகிறார். என்னைவிட வயதில் சிறியவர்தான், ஆனாலும் குழுவில் அத்தனை பேருக்கும் அவர் அக்கா. காலையில் ஓடிவிட்டு, கம்பெனி பஸ் பிடித்து, பொழுது சாய்கிறவரை மெஷின் வரிசைக்கு நடுவே நின்றுகொண்டே இருக்கும் வேலை. பல நாள் டிபன் கூட பஸ்ஸில்தான். 21 கிலோமீட்டருக்குப் பணம் கட்டியிருந்தார். கார்த்திகை வாக்கில் வலது முன்னங்காலில் உள்பக்கம் வலி ஆரம்பித்தது. முதலில் ஓடி முடித்த பிறகு வலித்தது, அப்புறம் ஓடும்போதே வலித்தது, அப்புறம் பஸ் படியில் ஏறும்போதும் வலித்தது.

குழுவில் இருக்கும் நர்ஸ் அவரை கோட்டைப் பூங்காவில் ஒரு சிமெண்ட் பெஞ்சில் உட்கார வைத்து, கட்டைவிரலால் எலும்பின் ஓரமாக மேலிருந்து கீழே அழுத்திக்கொண்டே வந்தார். ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்தால் அது ஒரு வகை. எலும்பைச் சுற்றிய சவ்வும் சதையும் புண்ணாகியிருக்கும், ஓட்டத்தைக் குறைத்தால் ஆறும். ஐந்து ரூபாய்க் காசளவு ஒரே இடத்தில் சுருக்கென்று வலித்தால் எலும்பிலேயே மயிரிழைக் கீறல் விட்டிருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும். அக்காவுக்குக் கணுக்காலுக்கு நாலு விரல் மேலே அந்தக் காசு இருந்தது. அழுத்தியதும் பெஞ்சிலிருந்து எழுந்தேவிட்டார்.

அன்றைக்கே போட்டி அமைப்பாளருக்கு வாட்ஸப்பில் எழுதினார். காலில் அடி, 21-க்குப் பதிலாக 5 கிலோமீட்டர் நடந்துவிட்டுப் போகிறேன், வித்தியாசத் தொகைகூட வேண்டாம் என்று கேட்டார். இரண்டு நீல டிக் விழுந்தது. சாயங்காலம் பதில் வந்தது: அதே மூன்று வரி, அப்படியே காப்பி செய்து ஒட்டியிருந்தார்கள். கடைசியில் கைகூப்பும் பொம்மை ஒன்று. எந்தப் போட்டி, யார் நடத்தியது என்று நான் எழுதப் போவதில்லை. அந்தப் பதிலை உங்களில் யார் வேண்டுமானாலும் அனுப்பியிருக்கக்கூடும்.

'900 ரூபா கட்டியாச்சுண்ணா, வுட்டுட முடியுமா?' என்றார் அக்கா. மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு ஓடினார். பாதிக்கு மேல் நொண்டி, கடைசிக் கிலோமீட்டர்களை நடந்து முடித்தார். பதக்கமும் கழுத்தில் விழுந்தது. மறுநாள் எடுத்த எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. இந்த வகைக் கீறல் முதல் இரண்டு மூன்று வாரங்களுக்கு எக்ஸ்ரேயில் சிக்காமல் போவது சகஜம். அப்புறம் எம்.ஆர்.ஐ. எடுத்தபோதுதான் கீறல் தெரிந்தது. இரண்டு மாதம் ஓட்டம் கூடாது, நிற்கிற வேலையும் கூடாது என்றார் டாக்டர். நிற்கிற வேலையைத் தவிர வேறு வேலை அவருக்குக் கம்பெனியில் இல்லை. சம்பளம் பிடித்தார்கள். ஸ்கேன் செலவு, ஆட்டோ செலவு எல்லாவற்றையும் கூட்டினால், அந்த 900 ரூபாய் எந்த மூலைக்கு என்று உங்களுக்கே தெரியும்.

'வலிக்குதுன்னா நிக்க வேண்டியதுதானே, யார் ஓடச் சொன்னது?' என்று நீங்கள் கேட்கலாம். கேட்டவர்களும் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் மாதச் சம்பளத்தில் எண்ணி எடுத்துக் கட்டிய காசை மனிதர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததா? 'போனால் போகட்டும்' என்று விட எல்லாராலும் முடியாது. ஓடினால் டி-ஷர்ட்டும் பதக்கமும், ஓடாவிட்டால் எல்லாம் போச்சு என்று நீங்கள் வைத்துவிட்டால், கால் எந்தப் பக்கம் சாயும்?

இந்த ஊரில் இருந்துகொண்டு வலியை இவ்வளவு லேசாக எடுத்துக்கொள்கிறோமே என்பதுதான் எனக்கு ஆறவில்லை. 1946-இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்த அறுவை சிகிச்சை நிபுணர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் ஏன் குறைந்து போகின்றன என்று தேடிப் பார்த்தார். நோய் நேரடியாக விரலைத் தின்பதில்லை என்று கண்டார். உணர்ச்சி போய்விட்டதால் சுட்டாலும் குத்தினாலும் தெரிவதில்லை. புண்ணான பாதத்திலேயே நடந்து நடந்து அவர்கள் தங்களை அறியாமல் தேய்த்துக்கொண்டார்கள். நமக்கெல்லாம் பாதத்தில் ஓரிடம் வலித்தால், யோசிக்காமலே நடையை மாற்றிப் பாரத்தை வேறு பக்கம் கொண்டுபோய்விடுவோம். வலி தெரியாத கால் அதே இடத்தில், அதே பாரத்தை, புண் எலும்பைத் தொடுகிறவரை போட்டுக்கொண்டே இருக்கும். அந்தக் கால்களைக் காப்பாற்ற இங்கேயும் பக்கத்தில் கரிகிரி தொழுநோய் மருத்துவமனையிலும் செய்து பார்த்த மெத்தென்ற ரப்பர் செருப்பின் வழிவந்ததுதான், இன்று சர்க்கரைக்காரர்களுக்கு எழுதிக் கொடுக்கிற எம்.சி.ஆர். செருப்பு. நம் வீட்டுத் திண்ணைகளில் எத்தனை ஜோடி கிடக்கிறது!

வலி மாத்திரை போட்டுக்கொண்டு 21 கிலோமீட்டர் ஓடுகிறவர், நல்ல காலைக் காசு கொடுத்து மரத்துப்போக வைக்கிறார். அது காலோடு நிற்பதும் இல்லை. டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். உடம்பில் நீர் வற்றிய நிலையில், வெயிலில், மணிக்கணக்காக ஓடும்போது அது சிறுநீரகத்தையே பாதிக்கலாம். ஸ்டார்ட் லைனில் பக்கத்தில் நிற்பவருக்கு மிட்டாய் நீட்டுவது மாதிரி அட்டையைக் கிழித்து மாத்திரை நீட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். மைக்கில் சினிமாப் பாட்டு போடும் நேரத்தில் இதை ஒரு நிமிடம் சொன்னால் உங்களுக்கு என்ன நஷ்டம்?

அதே சி.எம்.சி.யில், 1954-இல் சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு மறுவாழ்வு மருத்துவம் படித்து வந்தார். 1966-இல் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் எழுந்ததில் அவர் பங்கு பெரியது. கெட்ட உடம்பைத் திரும்பக் கொண்டுவருவது ஒரு தனி வேலை, அதற்குப் பொறுமையும் கணக்கும் வேண்டும் என்பதை இந்த ஊர் அப்போதே புரிந்துகொண்டிருந்தது. அந்தக் கணக்குக்கு உங்கள் படிவத்தில் ஒரு வரி இடம் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

என்ன வரி என்று சொல்கிறேன்.

தூரத்தைக் குறைத்துக்கொள்ள விடுங்கள். 21-இலிருந்து 10, 10-இலிருந்து 5. தூரத்தைக் கூட்டக் கேட்டால் மறுக்கலாம், குறைக்கக் கேட்டால் ஏன் மறுக்க வேண்டும்? நம்பர் அட்டை கொடுக்கும் சனிக்கிழமையன்றுகூட இதைச் செய்யலாம். அட்டையை வாங்கிக்கொண்டு வேறு நிற அட்டை கொடுத்தால் வேலை முடிந்தது. வித்தியாசத் தொகையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு ஒரு ரூபாய் நஷ்டம் இல்லாத இந்த ஒன்றை மட்டும் செய்திருந்தாலே அக்காவின் கால் தப்பித்திருக்கும். மற்றதையெல்லாம் ஒதுக்கிவிட்டாலும் இதை ஒதுக்காதீர்கள்.

அடுத்து, விலகிக்கொள்ள ஒரு கடைசித் தேதி வையுங்கள். டி-ஷர்ட்டும் பதக்கமும் முன்பே ஆர்டர் போட்டாக வேண்டும், அந்தப் பணம் போனது போனதுதான் என்பது எங்களுக்கும் தெரியும். முழுத் தொகையையும் யாரும் கேட்கவில்லை. மூன்று வாரத்துக்கு முன் சொல்லிவிட்டால் அடுத்த ஆண்டு பாதிக் கட்டணம் என்றோ, இடம் மட்டுமாவது உறுதி என்றோ எழுதலாம். நியூயார்க் மாரத்தானில் குறித்த தேதிக்குள் விலகுகிறவர்களுக்கு அடுத்த ஆண்டு இடம் உறுதி, கட்டணத்தை மட்டும் திரும்பக் கட்ட வேண்டும். பாஸ்டன் மாரத்தான் 2023 போட்டியிலிருந்து, கர்ப்பிணிகளும் குழந்தை பெற்றவர்களும் தங்கள் இடத்தைத் தள்ளிவைத்துக்கொள்ள வழி செய்திருக்கிறது. இடத்துக்கு அவ்வளவு அடிதடி இருக்கிற போட்டிகளே இதைச் செய்கின்றன. நமக்குக் கடைசி வாரம் வரைக்கும் 'இன்னும் சில இடங்களே உள்ளன' என்று போஸ்டர் ஒட்ட வேண்டியிருக்கிறது.

பெயர் மாற்றத்துக்கும் ஒரு வழி விடுங்கள். நீங்கள் விடாவிட்டாலும் அது நடக்கத்தான் செய்கிறது. அடிபட்டவர் தன் நம்பர் அட்டையை மச்சானுக்கோ ஆபீஸ் நண்பருக்கோ கொடுத்துவிடுகிறார். அட்டையின் பின்பக்கம் ரத்த வகை, அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண் எல்லாம் முதல் ஆளுடையது. அந்த மச்சான் மயங்கி விழுந்தால் உங்கள் ஆட்கள் யார் வீட்டுக்குப் போன் போடுவார்கள்? 100 ரூபாய் வாங்கிக்கொண்டு முறையாகப் பெயர் மாற்றினால் உங்களுக்கும் வருமானம், எங்களுக்கும் பாதுகாப்பு.

இனி, எந்தப் போட்டியில் ஓடுவது என்று நாங்கள் எப்படி முடிவு செய்கிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். காயத்திலிருந்து திரும்புகிறவருக்கு அதுவும் சிகிச்சையில் ஒரு பாகம்.

போஸ்டரில் நீங்கள் போடுவது: சிறப்பு விருந்தினர் படம், பரிசுத் தொகை, பதக்கத்தின் படம், ஸ்பான்சர் பெயர்கள். எங்களுக்குத் தேவைப்படுவது: பாதை எது, தார் ரோடா, சிமெண்ட் ரோடா, மண்ணா, ஏற்ற இறக்கம் எவ்வளவு, எத்தனை மணிக்குக் கிளம்பும், எத்தனை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். இதில் ஒன்றும் போட்டிக்கு முந்தின நாள் வரை தெரிவதில்லை. முட்டிச் சில்லில் வலி இருந்து தேறியவருக்கு இறக்கம் ஆகாது. ஏலகிரிக்குப் போகிற சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஏறுவதற்கு மூச்சுதான் வாங்கும், அதே சாலையில் ஓடி இறங்கும்போது ஒவ்வொரு அடியும் தொடையிலும் முட்டியிலும் போய் விழும். குதிநாணில் வலி இருந்தவருக்குப் பாலாற்று மணலும் ஏற்றமும் ஆகாது. குதிகால் வலிக்காரர் வெறுங்காலோடு தாரில் நடக்கவே யோசிக்க வேண்டும். (எங்கள் ஆசிரியர் குதிகால் தேறி வந்த மாதமே பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை போய், 14 கிலோமீட்டர் கிரிவலத்தையும் வெறுங்காலில் முடித்துவிட்டு வந்து மறுபடி படுத்தார். அதற்கு நீங்கள் பொறுப்பில்லை. அண்ணாமலையாரிடம்தான் கேட்க வேண்டும்.) பாதையைப் பதிவு தொடங்கும் நாளிலேயே வெளியிட்டால் அவரவர் காலுக்கு ஏற்றதை அவரவர் எடுத்துக்கொள்வார்கள்.

தூரமும் சரியாக இருக்க வேண்டும். 10 கிலோமீட்டர் என்று போட்டதை ஓடினால் சில நேரம் ஒன்பதரையில் முடிகிறது, சில நேரம் பதினொன்றை நெருங்குகிறது. கை வாட்ச் ஜி.பி.எஸ். காட்டுவதை வைத்துப் பாதை போடுவதால் வருகிற வினை. உலகமெங்கும் இதற்கு ஒரே முறைதான்: நாடா போட்டு அளந்த ஒரு நேர்த் தூரத்தில் சைக்கிளை ஓட்டி, முன்சக்கரத்தில் மாட்டிய எண்ணியைச் சரிபார்த்துக்கொண்டு, பிறகு அந்தச் சைக்கிளாலேயே பாதை முழுவதையும், வளைவுகளை உள்பக்கமாக ஒட்டியே அளப்பார்கள். குறைந்துபோகக் கூடாது என்பதற்காகக் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கூட்டியும் வைப்பார்கள். 10 கிலோமீட்டருக்கு 10 மீட்டர், அவ்வளவுதான். இது நேரக் கணக்குக்காக மட்டும் கேட்பதில்லை. காயத்திலிருந்து திரும்புகிறவர் இந்த வாரம் ஆறு, அடுத்த வாரம் ஏழு என்று எண்ணி எண்ணிக் கூட்டுகிறார். அவருக்கு நீங்கள் சொல்லாமல் சேர்க்கும் ஒரு கிலோமீட்டர், நாற்காலி என்று நம்பி உட்காரும்போது பின்னால் இழுத்துவிடுவது மாதிரி.

கிளம்பும் நேரம். இதைப் பற்றித் தனியாகவே ஒரு மடல் எழுதலாம். போஸ்டரில் 5.30 என்று இருக்கும். ஐந்து மணிக்கே வந்து, உடம்பைச் சூடாக்கிக்கொண்டு நிற்போம். 5.30-க்கு ஜும்பா தொடங்கும். ஆறு மணிக்கு 'சிறப்பு விருந்தினர் காட்பாடி தாண்டிவிட்டார்' என்று மைக்கில் அறிவிப்பு வரும். அவர் வந்து, பொன்னாடை போர்த்தி, நினைவுப் பரிசு கொடுத்து, இரண்டு பேர் பேசி, கொடி அசையும்போது ஆறே முக்கால் ஆகியிருக்கும். சூடாக்கிய கால் அதற்குள் விறைத்திருக்கும். புதிதாக ஆறிய சதைக்கும் நாணுக்கும் இதைவிடக் கெட்ட தொடக்கம் கிடையாது. ஜனவரியில் சூரியன் 6.30-க்கு மேல்தான் எழும் என்பதால் ஏதோ தப்பிக்கிறோம். கோடையில் விழிப்புணர்வு ஓட்டம் என்று வைக்கிறீர்களே, அப்போது ஒவ்வொரு நிமிடமும் வெயில்தான். கத்திரியில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே யாருக்கும் செய்தியே இல்லை. பெரியவர்களை ஓடி முடித்த பிறகு பரிசு கொடுக்க அழையுங்கள். கொடியைத் துப்புரவுப் பணியாளர் ஒருவரோ, எங்களுக்கு வழிவிட நிறுத்திய பஸ்ஸின் டிரைவரோ அசைக்கட்டும். நேரத்துக்கு அசைத்தால் போதும்.

வழியில் நிற்கும் தொண்டர்களைப் பற்றி. பாவம், கல்லூரிப் பிள்ளைகள், நாலு மணிக்கே எழுப்பிக் கொண்டுவந்து நிறுத்தியிருப்பார்கள். அவர்கள் கையில் வலி ஸ்ப்ரேயைக் கொடுத்துவிடுகிறீர்கள். யார் நொண்டிக்கொண்டு வந்தாலும் புஸ்ஸென்று அடித்து, 'போங்கண்ணா, சூப்பர்ண்ணா' என்று அனுப்பிவிடுகிறார்கள். தசைப்பிடிப்புக்கு நின்று, நீட்டி, தேய்த்துவிட்டால் போதும். எலும்பில் ஒரே இடத்தில் வலிக்கிறது என்கிறவரை உட்கார வைக்க வேண்டும். எங்கே வலிக்கிறது, எப்போதிருந்து, ஒற்றைக் காலில் நிற்க முடிகிறதா என்று மூன்று கேள்வி கேட்க அந்தப் பிள்ளைகளுக்கு அரை மணி நேரம் சொல்லிக்கொடுத்தால் போதும்.

உட்கார்ந்தவரை அழைத்துப்போக வண்டியும் வேண்டும். 21 கிலோமீட்டர் பாதையில் 14-ஆவது கிலோமீட்டரில் 'இதற்கு மேல் வேண்டாம்' என்று ஒருவர் நிறுத்தினால், திரும்பி வர ஒரு வழியும் இருப்பதில்லை. பையில் காசு இருக்காது, போன் பைகளை வைக்கும் கவுண்டரில் இருக்கும். நம்பர் அட்டையைக் காட்டி ஷேர் ஆட்டோக்காரரிடம் கெஞ்ச வேண்டும். அந்தச் சங்கடத்துக்குப் பயந்தே பலர் மிச்ச ஏழு கிலோமீட்டரையும் இழுத்துக்கொண்டு வருகிறார்கள். கடைசி ஆளுக்குப் பின்னால் மெதுவாக வரும் ஒரு வேன் போதும். அதில் ஏறியவரைத் தோற்றவர் மாதிரி பார்க்காத ஒரு டிரைவரும் வேண்டும்.

ஐஸ் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், நீங்கள் டாக்டர்களைக் கேட்டே செய்யுங்கள். ஓடும்போது உடம்புச் சூடு 40 டிகிரியைத் தாண்டி, பேச்சு குழறினால் அது உயிருக்கு ஆபத்தான நிலை. முதலில் குளிர்விக்க வேண்டும், பிறகுதான் ஆம்புலன்ஸ் பயணம் என்பது மருத்துவர்கள் ஒத்துக்கொண்ட முறை. முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய தொட்டி, தண்ணீர், இரண்டு மூன்று பார் ஐஸ். கல்யாண வீட்டுக்கே ஐஸ் பார் இறக்குகிற ஊர் நம்முடையது. அப்படியே தண்ணீர்ப் பந்தலில் உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறோ மோரோ வையுங்கள். மணிக்கணக்காக வெறும் தண்ணீரை மட்டும் அளவில்லாமல் குடிப்பதும் ரத்தத்தில் உப்பைக் குறைத்து ஆளைச் சாய்க்கும்.

கடைசியாக 5 கிலோமீட்டர். உங்களுக்கு அது போட்டோவுக்கான ஓட்டம். பள்ளிப் பிள்ளைகள், ஸ்பான்சர் கம்பெனி ஆட்கள், செல்ஃபி. அதனால் எல்லாரையும் அனுப்பிவிட்டுக் கடைசியில், வெயில் ஏறிய பிறகு கிளப்புவீர்கள். நேரம் குறிக்க மாட்டீர்கள், பாதி வழியில் தண்ணீரும் தீர்ந்திருக்கும். ஆனால் காயத்திலிருந்து திரும்புகிற ஒருவருக்கு ஊரிலேயே முக்கியமான போட்டி அதுதான். மீள்வது எப்படி நடக்கிறதென்றால்: முதலில் வலியில்லாமல் அரை மணி நேரம் வேகமாக நடக்க வர வேண்டும். அப்புறம் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. வாரக்கணக்கில் ஓட்டத்தைக் கூட்டி நடையைக் குறைத்துக்கொண்டு வருவார்கள். மறுநாள் காலை எழுந்ததும் வலி கூடியிருந்தால் ஒரு படி பின்னால் போக வேண்டும். நேதாஜி மைதானத்தில் மற்றவர்கள் சுற்றுச் சுற்றாகத் தாண்டிப் போக, வாட்ச்சைப் பார்த்துப் பார்த்து நின்று நின்று ஓடுவது உடம்பைவிட மனசுக்குக் கஷ்டம். 'இன்னாக்கா, இன்னும் நொண்டிகினேகீற?' என்று யாராவது கேட்டுவிட்டும் போவார்கள். அப்படி இரண்டு மூன்று மாதம் கடந்தவருக்கு ஒரு தேதி வேண்டும், ஒரு நம்பர் அட்டை வேண்டும், நடுவில் நடந்தாலும் யாரும் ஒன்றும் சொல்லாத ஒரு பாதை வேண்டும். 5 கிலோமீட்டரை ஒழுங்காக நடத்துங்கள். இருட்டு பிரியும்போதே கிளப்புங்கள். நடக்கிறவர்களுக்கு இடது ஓரம் விடுங்கள்.

சீசனில் ஞாயிறுக்கு ஞாயிறு ஒருவர் மாற்றி ஒருவர் போட்டி வைப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. உங்களுக்குள் ஒருமுறை உட்கார்ந்து தேதிகளைப் பேசிக்கொண்டால் நல்லது. 21 ஓடியவருக்கு இரண்டு வாரமாவது ஆற வேண்டும். அடுத்த வாரமே அடுத்த ஊரில் அடுத்த பதக்கம் தொங்கினால் எங்கள் ஆட்களுக்குக் கை துறுதுறுக்கும். அதில் பாதிக் குற்றம் எங்களுடையது என்பதால் இதை அதிகம் இழுக்கவில்லை.

இதையெல்லாம் எழுதிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கப் போவதில்லை. பாதை அளக்க எங்கள் குழுவில் சைக்கிளோடு நாலு பேர் வருவோம், விடிகாலையில் போக்குவரத்து வருவதற்குள் அளந்து முடிக்கலாம். தொண்டர்களுக்கு அரை மணி நேரம் சொல்லிக்கொடுக்க நர்ஸ் ஒத்துக்கொண்டிருக்கிறார். கடைசி வண்டியை ஓட்ட லாரி ஆபீஸ்காரர் தன் வேனையே தருகிறேன் என்கிறார், டீசல் மட்டும் உங்களுடையது. புதிய மூன்று வரிகளை எழுதுவதும் பெரிய வேலையில்லை, இதோ நானே எழுதிவிட்டேன்: 'காயம், உடல்நலக் குறைவு, கர்ப்பம் காரணமாகத் தூரத்தைக் குறைத்துக்கொள்ளலாம். மூன்று வாரத்துக்கு முன் தெரிவித்தால் அடுத்த ஆண்டுக்கு மாற்றிக்கொள்ளலாம். குறித்த தேதிக்குள் 100 ரூபாய் கட்டிப் பெயர் மாற்றிக்கொள்ளலாம்.'

அக்கா இப்போது மூன்று நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்கிற கட்டத்துக்கு வந்திருக்கிறார். இந்த வருடம் 5 கிலோமீட்டர்தான் என்று சொல்லிவிட்டார். பதிவு எப்போது திறக்கிறீர்கள் என்று உங்களிடம் கேட்கச் சொன்னார்.

இப்படிக்கு,
சத்துவாச்சாரி சர்வீஸ் ரோட்டில் ஓடுகிறவர்களில் ஒருவன்